கரி பூசிய கடிதம்

தபால்காரன் தந்த கடிதத்தின் மூலையில் கரி பூசியிருந்தது. சாவுக் கடிதம். மலாயாவில் என் அண்ணர் கடும் வருத்தத்தில் படுக்கையாய்க் கிடக்கிறார். நாளைக்கு என் மகள் இராசமலருக்குக் கலியாணம். எனக்கு வாசிக்கத் தெரியாது. எவருக்கும் காட்டாமல் மடியில் ஒளித்துக்கொண்டு தபால் கந்தோருக்கு ஓடினேன்.

"பிரிக்காதையும். போட்ட திகதியை மட்டும் சொல்லும்," என்றேன் போஸ்ட்மாஸ்டரிடம்.

"ஏனண்ணை?"

"ஒரு மாதம் ஆச்சுதெண்டால் சாவுத் துடக்குக் கழிஞ்சிடும், முழுகினால் போதும். கிட்டடியிலை எண்டால் கலியாணம் நிண்டுபோம். பொய் சொல்லிப் போடாதையும்!"

சீல் குத்திய இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நேற்று."

"நேற்றுப் போட்டது மலாயாவிலை இருந்து இண்டைக்கு வருமோ? என்னைப் பேயன் எண்டு நினைச்சீரோ?"

"மலாயாவோ? உது எங்கடை கந்தோர்ச் சீல். இஞ்சை போட்ட கடிதம்."

அண்ணருக்கு ஒன்றுமில்லை. மூச்சு வந்தது, கோபமும் வந்தது.

"கலியாணத்தைக் குழப்ப எந்த எளிய நாய் போட்டது?"

அவர் கடிதத்தை என்னிடம் திருப்பித் தந்தார்.

"உங்கடை இராசமலர்தான் நேற்றுக் கொண்டுவந்து தந்தவ. அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது."

கடிதத்தை அங்கேயே போட்டுவிட்டு, எங்கள் வீட்டுக் கிணற்றை நினைத்து ஓடினேன்.