திறந்து வைத்தவர்

தமிழ்வாணன் பெயருக்கு நேராக மணிமேகலை சுத்தியலை ஓங்கியபோது மணி இரண்டு. ஓங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். பெயர் இருந்தது கருங்கல்லில். அடித்தால் கல் போகும். கல் போனால் வேலை போகும்.

"மேடம், அதைக் கீழ வைங்க" என்றாள் கிளார்க் ஸ்வர்ணலதா, அழாத குறையாக.

ஆரணியில் ஒரு பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு மணிமேகலை செயலாளர். சங்கத்தின் விற்பனைக் கட்டடம் கட்டி முடித்து, இரண்டு வருடம் புறாக்கள் குடித்தனம் நடத்திப் பேரன் பேத்தியும் எடுத்துவிட்டன. ஒருவழியாகக் கைத்தறி அமைச்சர் தமிழ்வாணன் இன்று மாலை ஐந்து மணிக்குத் திறந்து வைப்பதாக ஏற்பாடு. பந்தல், வாழைமரம், நாதஸ்வரம், ஊரே நீந்திக் கரையேறும் அளவுக்குக் கேசரி.

பகல் பன்னிரண்டு மணிக்குச் சென்னையில் அமைச்சரவையை மாற்றிவிட்டார்கள். தமிழ்வாணன் வெளியே. 'மீண்டும் அமைச்சராகிறார் வீரபாகு, கைத்தறித் துறை ஒதுக்கீடு' என்று டிவியில் சிவப்பு எழுத்து ஓடியது.

எப்படியும் விழா தள்ளிப்போகும் என்று மணிமேகலை நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்த முதுகு பலகையில் படுவதற்குள் புது அமைச்சரின் உதவியாளர் போனில் வந்துவிட்டார்.

"ப்ரோகிராம்ல மாத்தமே இல்லம்மா. மந்திரி மட்டும்தான் மாத்தம். அண்ணன் பதவி ஏத்த கையோட கிளம்பிகினு இருக்காரு. கல்வெட்டுல அண்ணன் பேரு இருக்கணும். ஸ்டிக்கர் ஒட்டுற வேலையெல்லாம் வேணாம்."

ஸ்டிக்கர் கதை அவளுக்கும் தெரியும். வேறோர் ஊரில் அப்படி ஒட்டியதில், திரையை இழுத்தபோது ஸ்டிக்கரும் கூடவே வந்து, பழைய அமைச்சரின் பெயர் பளபளவென்று சிரித்ததாம். அந்த ஊர் அதிகாரியை மாற்றிய இடத்துக்கு அந்தப் பக்கம் கடல்தான் என்று கேள்வி.

மணிமேகலைக்குக் கண்ணில் அந்தக் கடல் தெரிந்தது. போன வருடம்தான் மாற்றலாகி ஆரணிக்கு வந்து மூட்டையைப் பிரித்தாள். மகளுக்கு மூன்று வாரத்தில் பிளஸ் டூ பரீட்சை. வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர். இப்போது மாற்றல் வந்தால் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

கல் வெட்டும் சின்னக்கண்ணுவுக்குப் பதினேழு தடவை போன் அடித்தாள். மூன்றரைக்கு மொபெட்டில் ஆடி அசைந்து வந்தவர், முதலில் ஒரு டீ கேட்டார். கையிலிருந்த மஞ்சள் பையில் ஒரு சின்ன உளியும் ஒரு ஸ்பேனரும் தவிர வேறொன்றும் இல்லை.

"மெஷின் எங்கங்க?"

"மெஷின் எதுக்கு மேடம், சும்மா தூக்கிகினு?"

அவள் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். தமிழ்வாணன் சாமானியமான எழுத்தில் இல்லை. வேறு யார் பெயருக்கும் இடம் விடாமல், முழ நீளத்துக்கு, அரை விரல் ஆழத்துக்கு உட்கார்ந்திருந்தார். அவரை இழைத்து எடுக்கவே ஒரு பகல் பிடிக்கும். கல்லில் காலியாக இருந்தது தேதிக்கான இடம் மட்டும்தான். அது சின்னக்கண்ணுவின் வழக்கம். மந்திரியின் கார் ஆரணி எல்லைக்குள் வராமல் தேதியில் உளி வைக்க மாட்டார்.

நாலு மணி. சின்னக்கண்ணு இரண்டாவது டீயை ஊதிக்கொண்டிருந்தார். பெயருக்கு மேல் பெரிய மாலையாகப் போட்டு மறைத்துவிடலாமா என்று ஸ்வர்ணலதா கேட்டாள். மந்திரி முதலில் அந்த மாலையைத்தான் விலக்கிப் பார்ப்பார் என்றாள் மணிமேகலை.

நாலே காலுக்கு மறுபடி போன். அண்ணன் செய்யாறு தாண்டிவிட்டார்.

மணிமேகலை சின்னக்கண்ணுவின் எதிரில் போய் நின்றாள். "உங்களுக்கு நான் என்னங்க கெடுதல் பண்ணேன்? இன்னும் முக்கால் மணி நேரம்கூட இல்ல. என் பொண்ணு படிப்பே போயிடும்."

சின்னக்கண்ணு தம்ளரைக் கீழே வைத்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டு கல்லின் பக்கத்தில் போய் நின்றார். நாலு மூலையிலும் நாலு போல்ட்டு போட்டு இரும்புச் சட்டத்தில் மாட்டியிருந்த கல். சிமென்ட் வைத்துப் பூசலாம் என்று மேஸ்திரி எவ்வளவோ சொல்லியும், போன வாரம் இவர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

"பேஜாராவாதீங்க மேடம். இந்தக் கட்டடம் ஏன் இத்தினி நாளா பூட்டிக் கெடந்துச்சு, தெரியுமா?"

முதல் போல்ட்டு கழன்றது.

"ஏதோ திறப்பு விழா முந்தின நாள் நின்னுபோச்சுன்னு சொன்னாங்க. அப்ப நான் இந்த ஊர்லயே இல்லையே."

"அப்பவும் இதே கூத்துதான். கல்லு வெட்டி மாட்டியாச்சு. விடிஞ்சா விழா. ராத்திரி மந்திரிக்குப் பதவி போயிடுச்சு." இரண்டாவது கழன்றது. மூன்றாவது கழன்றது. "அடுத்து வந்தவருக்குப் புதுக் கல்லு வாங்கச் சொல்லி சங்கத்துல ஆர்டர் குடுத்தாங்க."

நாலாவது போல்ட்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கல்லின் ஒரு ஓரத்தைப் பிடித்தார் சின்னக்கண்ணு. புதுக் கல் வாங்காத முகம் என்று ஒன்று உண்டென்றால் அது அப்போது அவருக்கு இருந்தது.

"ஒரு கை குடுங்க மேடம், திருப்பி மாட்டணும். வீரபாகு பின்னாடிதான் இருக்காரு."