எட்டுத் தட்டுப் புல்

“அந்த ஓரத்துல இன்னும் கொஞ்சம் கிடக்கு. அதையும் அறுத்துட்டு எந்திரிங்க.”

பெட்டியோடு முற்றத்தில் வந்து நின்ற தங்கபாய் குரல் வந்த பக்கம் பார்த்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்து வேலை ஏவிக்கொண்டிருந்தவள் அண்ணன் மனைவி, மைனி விமலகுமாரி. தரையில் குந்தியிருந்து, ஒரு பிளாஸ்டிக் தட்டில் அடர்ந்து நின்ற புல்லை அரிவாளால் அறுத்துக்கொண்டிருந்தவர் அண்ணன் செல்லையன். வயது எழுபத்தாறு. முப்பத்தைந்து வருஷம் பாறசாலை வட்டாரம் முழுக்க சைக்கிளில் தபால் கொண்டுபோய்க் கொடுத்தவர்.

நாலு வருஷம் கழித்து போபாலிலிருந்து வந்து இறங்கியிருக்கிறாள். முதல் காட்சியே இதுதான்.

“தங்கமா! நீ எப்ப வந்த?” அண்ணன் முகமெல்லாம் சிரிப்பு.

“இப்பத்தான் வாறேன் அண்ணா. இது என்னது?”

“பார்லிப் புல்லாக்கும்,” என்று மைனி முந்திக்கொண்டாள். “மண்ணே வேண்டாம். விதையை ஒரு ராத்திரி ஊறப்போட்டு, தட்டுல பரத்தி, வேளைக்கு வேளை தண்ணி தெளிச்சா ஏழே நாளு. போன்ல பாத்துப் படிச்சேன். முதல் ரெண்டு தடவை பூசணம் பிடிச்சு நாறிப்போச்சு. இப்ப கை பழகிட்டு.”

“உங்களுக்கு எதுக்கு மைனி புல்லு?”

“ஜூஸ் அடிக்கத்தான். எனக்கு சுகர் உண்டுல்லா.”

நாளுக்கு ஒன்று என்று எட்டுத் தட்டுகள் வரிசையாக இருந்தன. இவள் சுகருக்கு என் அண்ணன் முதுகு வளையணுமா என்று தங்கபாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்த அன்றே வாயைத் திறக்கவேண்டாம் என்று அடக்கிக்கொண்டாள்.

மத்தியானம் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அம்பூரியில மாமா வீட்டுக்குப் போனப்ப நாம புல்லறுக்கப் போனோமே, ஓர்மை உண்டா? உன் காலுல அட்டை கடிச்சு, ஊரையே கூட்டினியே.”

“நீங்க புகையிலைச் சாறு விட்டு எடுத்தீங்க. பொறவு தலையில புல்லுக்கட்டு, இடுப்புல நான்.”

“ரெண்டுல நீதான் கனம்.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்த மலைச்சரிவும், மழையில் நனைந்த புல்லின் வாசனையும், ஈரச் சட்டையோடு சேர்த்து அணைத்திருந்த அண்ணனின் கையும் தங்கபாய்க்கு அப்படியே கண்முன்னால் வந்தன.

“நீ எப்ப வந்த மக்கா?” என்றார் அண்ணன்.

வந்து இறங்கியதிலிருந்து இது மூன்றாவது தடவை. வயசாச்சு, ஓய்வு கொடுக்காமல் வேலை வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மைனி பால் வாங்கப் போன நேரம். தங்கபாய் அரிவாளை எடுத்தாள். ஏழு நாள் புல்லோடு நிற்கவில்லை. ஆறு நாள், அஞ்சு நாள், முளைத்து விரற்கடை உயர்ந்தது என்று எட்டுத் தட்டையும் ஒட்ட அறுத்துக் குப்பைக்குழியில் போட்டாள். ஒரு வாரமாவது அண்ணன் சும்மா உட்காரட்டும்!

பால் இல்லாத கட்டன்சாயா போட்டுக்கொண்டு வந்தபோது, திண்ணையில் உட்கார்ந்திருந்த அண்ணன் அங்கே இல்லை. அரிவாளும் இல்லை.

திரும்பி வந்த மைனி வெறும் தட்டுகளைப் பார்த்தாள். பால் பாத்திரம் கையிலிருந்து விழுந்தது.

“அய்யோ... புல்லு எங்க? அவரு எங்க?”

பக்கத்து வீட்டு அகிலேஷின் ஆட்டோவில் ஏறித் தேடினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, ஹைவே ஓரத்தில் புதுசாகக் கட்டிய கடையின் வாசலில் அண்ணன் நின்றார். கையில் அரிவாள். செருப்பு இல்லை. லாரிகள் உரசுவதுபோலப் போய்க்கொண்டிருந்தன.

“இங்க ஒரு குளம் உண்டு மக்கா. கரை நிறையப் புல்லு நிக்கும். இப்பக் காணல,” என்றார் தவிப்போடு. “பசு பட்டினி கிடக்குல்லா?”

“எந்தப் பசு அண்ணா?”

மைனி அவள் கையை அழுத்தினாள். மிண்டாதே, பேசாதே என்பதுபோல.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டுத்தான் மைனி அடுக்களைக்கு வந்தாள்.

“பசு செத்து பதினோரு வருஷம் ஆச்சு தங்கம். அவருக்கு அது மறந்துபோச்சு. போன வருஷம் இதேபோல அரிவாளை எடுத்துட்டு மூணு தடவை போயிட்டாரு. ஒரு தடவை ரெண்டு நாள் கழிச்சாக்கும் ஆளு கிடைச்சது. வீட்டுலயே அறுக்கதுக்குப் புல்லு இருந்தா எங்கயும் போகமாட்டாரு. சுத்திலும் ரப்பரும் வீடும். நான் புல்லுக்கு எங்க போவேன்? அதான் தட்டுல வளத்தேன். அவரு அறுத்து வைக்கதை, அவரு காணாம அகிலேஷ் வீட்டு ஆட்டுக்குக் கொடுத்துடுவேன்.”

தங்கபாய் விதைச் சாக்கைப் பிரித்தாள். பார்லியை அள்ளித் தண்ணீரில் போட்டாள்.

“இது வளர ஏழு நாளு ஆகுமே மைனி.”

“ஆகும்.”

“அதுவரைக்கும் தினமும் காலையில நான் அண்ணன்கூட நடக்கேன். டிக்கெட்டைப் பொறவு பாத்துக்கலாம்.” அவள் மைனியின் பக்கம் திரும்பினாள். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் உங்களை என்னென்னவோ நினைச்சுட்டேனே!”

மைனி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

“புத்தி தெளிவா நின்ன ஒரு நாளு எங்கிட்டச் சத்தியம் வாங்கினாரு, ‘எனக்கு மறதி வந்தது தங்கத்துக்குத் தெரியாண்டாம், தூரத்துல தனியா இருந்து அழுவா’ன்னு. நீ அழுறதைவிட, என்னைத் திட்டிட்டுப் போறது நல்லதுன்னு இருந்துட்டேன்.”