எதிர்ச் சுவர்

புரூக்ளினில் சர்மினாவின் ஓவியக் கண்காட்சி. சிவப்பு அங்கி முதுகில் வழிய, காமிக்ஸ் வீரன் ஒருவன் தொழுகை விரிப்பில் மண்டியிட்டிருக்கும் பக்கவாட்டுப் படம். அதன் முன்னால் வந்து நின்றார் அவளுடைய அப்பா. அவள் படம் வரையப் போனதிலிருந்து அவளோடு பேசாதவர்.

"கழட்டு இத."

"பாபா, எல்லாரும் பாக்குறாங்க. வீட்டுல வந்து திட்டுங்க."

"கழட்டுன்னா கழட்டு!"

காட்சிக்கூடத்தின் உரிமையாளர் ஜூடித் ஓடிவந்தாள். "போலீஸைக் கூப்பிடவா?"

"வேணாம்" என்று சர்மினா படத்தை இறக்கினாள். கிழித்துவிடுவாரோ?

அவர் அதை வாங்கிப்போய் எதிர்ச் சுவரில் மாட்டினார். வீரனின் முகம் இப்போது நேர் எதிர்த் திசையைப் பார்த்தது.

"மக்காவுக்கு முதுகக் காட்டிக்கிட்டா தொழுவான் உன் வீரன்? திசை கூடவா மறந்துபோச்சு?"

பிறகு ஷூவைக் கழற்றினார். மேல்கோட்டைத் தரையில் விரித்து, அந்த வீரனுக்குப் பக்கத்தில், ஒரே வரிசையில் தொழ நின்றார்.