ஜெனரல் ஷிப்ட்

பஸ் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமையிலிருந்து செல்லக்கனிக்கு நைட் ஷிப்ட். புருஷன் மாசானத்துக்கு இன்னும் தெரியாது.

கம்பெனிக்காரன் தலையில் கட்டியிருந்தால் சொல்லிவிடலாம். தானே போய்க் கேட்டு வாங்கியதை எந்த வாயால் சொல்வது?

படப்பை நிறுத்தத்தில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அவனுக்கு ஒரு கம்பெனி, அவளுக்கு ஒரு கம்பெனி. வண்டிகள் மட்டும் ஒரே இடத்துக்கு வரும். மாசானம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவர்கள் புருஷன் பெண்டாட்டி என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். ஷேர் ஆட்டோவில் முட்டி இடிக்க உட்கார்ந்து வருகிறவர்கள்கூட இதைவிடக் கூடுதலாகப் பேசிக்கொள்வார்கள்.

ஒரு காலத்தில் இவர்கள் பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமா!

கல்யாணமான கையோடு நாங்குநேரியிலிருந்து வந்து இறங்கியபோது இருங்காட்டுக்கோட்டையில் ஒற்றை அறை. செல்போன் பாகங்கள் பூட்டும் கம்பெனியில் அவளுக்குப் பகல் வேலை. கார் சீட் தைக்கும் கம்பெனியில் அவனுக்கு இரவு. ஓ.டி. சேர்த்தால் பன்னிரண்டு மணி நேரம். ஷிப்ட் மாறினாலும் சொல்லிவைத்தாற்போல எதிரும் புதிருமாகவே மாறும். வார லீவாவது ஒரே நாளில் வந்து தொலையுமா என்றால், அதுவும் கிடையாது.

அவன் வண்டியிலிருந்து இறங்குவான், அவள் ஏறுவாள். நடுவில் ஒரு டீ குடிக்கிற நேரம்தான் குடும்பம்.

அந்த ஒரு டீக்குள் என்னவெல்லாம் பேசினார்கள்!

"மூலைக்கடையில மாவு புளிக்கு, வாங்கிராதிய."

"பாலத்துக்குக் கீழ ராத்திரி ஒருத்தன் பரோட்டா போடுதாம்ட்டி, சால்னா நம்ம ஊர் மாதிரியே இருக்கு."

கீழ்வீட்டு மரகதம் அக்கா எப்போது மோட்டார் போடுவாள், எந்த ஆட்டோக்காரன் மீதிச் சில்லறை தரமாட்டான், எந்தக் கொடியில் துணி காயப்போட்டால் ஹவுஸ் ஓனர் கத்துவார், எல்லாம் அங்கேதான் கைமாறும். அவள் பகலைப் படித்து வந்து அவனிடம் ஒப்பித்தாள். அவன் இரவைப் படித்து வந்து அவளிடம் ஒப்பித்தான். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்த ஊர் அப்படித்தான், ஆளுக்குப் பாதியாகப் பழகியது.

வண்டி கிளம்பிய பிறகும் அவளுக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கும். அதை ஜன்னல் வழியாகக் கத்துவாள். வண்டியே சிரிக்கும்.

எப்படியாவது இரண்டு பேருக்கும் ஜெனரல் ஷிப்ட் கிடைக்க வேண்டும் என்று மணிமங்கலம் பெருமாளிடம் அவள் வேண்டாத நாள் இல்லை. கிடைத்தது. படப்பையில் இரண்டு அறை வீடு பார்த்துக் குடிவந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்கெல்லாம் இருவரும் வீட்டில்.

முதல் வாரம் வாய் ஓயவில்லை. அப்புறம் பேச்சு தேய்ந்தது. ஒரே கடை, ஒரே தெரு, ஒரே மோட்டார். இருவரும் சேர்ந்து பார்த்ததை யார் யாருக்குச் சொல்வது? சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் ஆளுக்கொரு போன். சண்டைகூட வரவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. இத்தனை கஷ்டத்திலும் தொலையாத மனுஷனை இந்த நாலு சுவருக்குள் வைத்துத் தொலைத்துவிடுவோமோ?

முந்தாநாள்தான் சூப்பர்வைசர் சபாபதி முன்னால் போய் நின்றாள்.

"இன்னாம்மா, ஜெனரல் கெடைக்கலன்னு அவனவன் அழுவுறான், நீ நைட்டு கேக்குற? வூட்ல எதுனா சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்ல சார்" என்றாள். இருந்தால்தான் தேவலையே என்று அவரிடம் சொல்ல முடியுமா?

திருப்பத்தில் ஒரு வெள்ளை வண்டி தெரிந்தது. இனித் தள்ளிப்போட முடியாது. செல்லக்கனி வாயைத் திறந்தாள்.

"கனி, ஒண்ணு சொல்லுதேன், ஏசக் கூடாது" என்றான் மாசானம், போனிலிருந்து தலையைத் தூக்காமல். "திங்கக்கெழமைலருந்து எனக்கு நைட்டு. நாந்தான் கேட்டு வாங்கினேன்."

அவள் அவன் போனைக் கையால் மறைத்தாள்.

"ஏன்?"

"முன்னாடியெல்லாம் நான் வண்டிய விட்டு எறங்குததுக்குள்ள நீ பேச ஆரம்பிச்சிருவ. இப்பம் எங்கூடப் பேச உனக்குப் பிடிக்கல. எதிர் ஷிப்டா இருந்தாலாவது..."

அடப் பாவி மனுஷா! பேசாதவன் அவன் என்றல்லவா இவள் இத்தனை நாள் மருகிக்கொண்டிருந்தாள்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே அழுகையும். "நானும் நைட்டு கேட்டு வாங்கிட்டேங்க" என்றாள். "அதே திங்கக்கெழமைலருந்து."

மாசானம் விழித்தான். கொஞ்சம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. இருவருக்கும் இரவு வேலை; பகலெல்லாம் இருவரும் ஒரே வீட்டில். சுற்றிச் சுற்றிச் சுப்பன் கொல்லைதான்.

"நீ போயி கேன்சல் பண்ணிரு."

"நான் எதுக்குப் பண்ணணும்? நீங்க பண்ணுங்க. அந்த சார் ஏற்கெனவே என்னயக் கிறுக்கின்னு நெனச்சிட்டாரு."

"எங்க ஆளு மட்டும் என்னய என்ன நெனச்சிருப்பான்?"

"ஒரு வார்த்த எங்கிட்டக் கேட்டியளா?"

"நீ கேட்டியாட்டி?"

அவள் வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. இன்று வேலைக்குப் போகாவிட்டால் மாதக் கடைசியில் வருகைப்படி போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். "நீங்க போங்கண்ணே" என்று டிரைவரைப் பார்த்துக் கையாட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பின்னால் அவன் வண்டியும் வந்து, நின்று, போனது. அதை இருவருமே கவனிக்கவில்லை.