நெற்றிக்கு மேல் ஒரு வெள்ளைக் கீற்று

சலூன் வைத்திருந்தவளுக்கு நெற்றிக்கு மேல் முடியில் ஒரு வெள்ளைக் கீற்று. அம்மா விட்டுப்போன சொத்து.

"இந்தக் கீற்று இருக்கிற குடும்பத்துல இதய நோயும் வரும்னு மரபணு சொல்லுதும்மா. காப்பீடு தர முடியாது" என்று கைவிரித்தார் காப்பீட்டு நிறுவன மேலாளர்.

"வராத நோய்க்கு இப்பவே தண்டனையா சார்?" என்று கேட்டுவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் அவரே சலூனுக்கு வந்து தொப்பியைக் கழற்றினார். போன வாரம் இல்லாத கீற்று, அவளுக்கு இருந்த அதே இடத்தில். சாயம் பூசினாள், கழுவியதும் கீற்று பல்லை இளித்தது. பிறகு அதே கீற்றோடு நிறுவனத்துக் கணக்காளர் வந்தார், நிறுவனத்து மருத்துவர் வந்தார், கடைசியில் முதலாளியம்மாவே முக்காடு போட்டுக்கொண்டு வந்தார்.

"எதுவும் ஒட்டாதும்மா. எங்கம்மா பூசாத சாயமா?" என்றாள்.

மாதம் முடிவதற்குள் நிறுவனம் மரபணுக் கேள்விக்கே முழுக்குப் போட்டது. இனி யாரையும் அப்படிக் கேட்பதில்லை. அவளுடைய காப்பீட்டுப் பத்திரத்தை மேலாளரே கொண்டுவந்து நீட்டினார்.

"வந்ததுதான் வந்தீங்க, உக்காருங்க சார். முடி வளர்ந்திருக்கு."

துணியைப் போர்த்தி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். கண்ணாடியில் இரண்டு தலைகள். அவள் முடி முழுக்கக் கறுப்பு; கீற்று அவர் தலையில் மட்டும்தான் இருந்தது.

அவள் சீட்டியடித்தபடி கத்திரியை எடுத்தாள்.