நாற்பத்தைந்து டிகிரி

"ஒன்று புள்ளி ஆறு இரண்டு" என்று கம்ப்யூட்டர் காட்டியதும் தேயிலைத் தோட்டத்துத் துரை பேனாவைத் திறந்தார். கம்ப்யூட்டரை இயக்கிய ருக்குமணி அந்த எண்ணை மறுபடி பார்த்தாள்.

தொழிலாளர்கள் குடியிருக்கும் மூன்றாம் லயத்துக்கு மேலே நிற்கும் மேட்டின் சரிவு அது. ஒன்றரையைத் தாண்டினால் கீழே யாரும் குடியிருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி.

இந்த வாரம் மட்டும் அங்கே வேலாயி வீட்டு அடுப்படிக்குள் இரண்டு முறை சேறு வந்துவிட்டது. பன்னிரண்டு குடும்பங்களும் நடையாய் நடந்தும் துரை அசையவில்லை. மனுஷர் சொன்னால் கேட்காத மகராசன், மெஷின் சொன்னால் கேட்கிறார்.

"ஆளுங்கள ஃபேக்டரி பக்கத்து வீடுங்களுக்கு மாத்திடுங்க கிராணி. இன்னிக்கே!"

கையெழுத்திட்ட தாளை ஆபீஸ் எழுத்தரான பெரிய கிராணி சிங்காரம் வாங்கிக்கொண்டார். விதியிலிருந்து இம்மியும் பிசகாதவர் என்று பெயரெடுத்தவர். துரை சொன்னதால் இரண்டு மாதமாக ருக்குமணியிடம் கம்ப்யூட்டர் பழகுகிறார்.

துரையின் ஜீப் ரிங்லெட் டவுன் பக்கம் இறங்கியதும், சி மொழியில் தான் எழுதிய புரோகிராமை ருக்குமணி திறந்தாள். அளந்த மேட்டின் கோணம் நாற்பத்தைந்து டிகிரி; அதற்கு டான் மதிப்பு ஒன்று. ஃபார்ம் ஃபைவ் படிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். நேற்று பங்களா மேட்டுக்குச் சரியாகத்தானே சொன்னது?

டிகிரியை ரேடியனாக மாற்றும் வரியைக் காணோம். சி மொழியில் டான் கேட்பது ரேடியன். டிகிரியைக் கொடுத்தாலும் மறுப்புச் சொல்லாமல் ஏதோ ஓர் எண்ணைத் தந்துவிடும்.

வெளியே ஓடினாள். லயத்துச் சாமான்கள் லோரியில் ஏறிக்கொண்டிருந்தன. பக்கத்தில் சிங்காரம் நின்றிருந்தார்.

"ஐயா, லோரிய நிறுத்துங்க! கணக்கு தப்பு. சரிவு ஒண்ணரைகூட இல்ல, வெறும் ஒண்ணுதான்!"

"சத்தம் போடாதம்மா."

"ஒரு வரிய விட்டுட்டேன் போலய்யா. துரைக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்லா!"

"அப்போ இவங்கள திரும்பவும் அங்கேயே இறக்கிடலாமா?"

ருக்குமணி திரும்பிப் பார்த்தாள். வேலாயி கைக்குழந்தையோடு லோரியில் ஏறிக்கொண்டிருந்தாள். மழை மறுபடியும் வலுத்தது.

"பாவமாத்தான் இருக்குய்யா. ஆனா நாளைக்கு யாராச்சும் புரோகிராமைப் பார்த்தா, தப்பு என் தலையிலதான விழும்?"

சிங்காரம் டிரைவரைப் பார்த்துக் கையசைத்தார். லோரி உறுமிக்கொண்டு கிளம்பியது. அது வளைவில் திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு மெல்லச் சொன்னார்:

"உன் தலையில ஏன் விழணும்? அந்த வரிய அழிச்சது நான்தான்."