குழம்பு மீன்

எண்ணெய் வற்றிப்போன கடல் மேடையை உடைப்பதைவிட ஹைட்ரஜன் ஆலையாக மாற்றுவதே லாபம் என்று கணக்குப் போட்டவள் ஜெனோவா. ஆலை வந்தால் மேடையைச் சுற்றி யாரும் மீன்பிடிக்க முடியாது. அந்த நட்டத்தையும் சேர்த்தால் லாபம் நிற்காது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டாள்.

அவள் அண்ணன் வியான்னி தூண்டில் போட்டுப் பிழைத்தது அங்கேதான். தடை வந்த பிறகும் தங்கை வீட்டுக்குக் குழம்பு மீன் கொடுப்பதை அவன் நிறுத்தவில்லை.

“மீன்பாடு எப்படிண்ணே?”

“கெடைக்குது. ஒன் கொழம்புக்கு இல்லாமலா?”

செவுளைத் திறந்து பார்த்தாள். வெளுத்திருந்தது. கடையில் வாங்கிய ஐஸ் மீன்.

“இருந்து சாப்ட்டுப் போண்ணே.”

வாடை தெரியாமலிருக்கப் புளியைக் கூடுதலாகக் கரைத்து ஊற்றினாள். பரிமாறும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“நீ புடிச்சிட்டு வர்ற மீனு ருசியே தனிண்ணே.”